புதிய கருவி வாங்க முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்: வீட்டுக்குள் வைஃபை சீராகக் கிடைக்க

மீளக்குடியேறிய குடும்பங்களுக்கு இணையம் இன்று அன்றாடத் தேவை. பிள்ளையின் சூம் வகுப்பு, வெளிநாட்டில் இருக்கும் மகனுடனோ சகோதரியுடனோ கதைக்கும் வட்ஸ்அப் அழைப்பு, அலுவலகம் கேட்கும் ஆவணத்தைப் படமெடுத்து அனுப்புவது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது எல்லாம் அதன் ஊடாகவே நடக்கின்றன. ஆனால் புதிய வீட்டில் குடியமர்ந்த பின்னர் பலர் சொல்வது ஒன்றுதான்: "விறாந்தையில் எடுக்கிறது, அறைக்குள் எடுக்குதில்லை."

இந்த நிலையில் கடைக்குப் போய் இன்னொரு கருவி வாங்குவதுதான் முதலில் தோன்றும் வழி. வீட்டுக் கட்டுமானத்துக்கும் கிணற்றுக்கும் வேலிக்கும் காசு தேவைப்படும் நேரத்தில் அந்தச் செலவு சிறியதல்ல. நடுத்தர அளவு வீட்டில் ரவுட்டரைச் சரியான இடத்துக்கு மாற்றுவதே பெரும்பாலும் போதுமானது. எந்த இடம் சரியானது, அதை எப்படிச் சோதிப்பது, இரண்டாவது கருவி எப்போது உண்மையில் தேவை, வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பவற்றை இந்தப் பகுதி விளக்குகிறது. வீடு இன்னும் கட்டி முடியாதவர்கள் "சுவர் பூச முன்" என்ற பகுதியை முதலில் வாசியுங்கள்.

முதலில் பிரச்சினை எங்கே என்று அறியுங்கள்

உங்கள் போனுக்கு இணையம் இரண்டு கட்டமாக வருகிறது. முதற் கட்டம், ரவரில் இருந்து உங்கள் 4ஜி ரவுட்டருக்கு வருவது. பைபர் அல்லது தொலைபேசி இணைப்பு உள்ள வீடுகளில் இது கம்பி வழியாக வரும். இரண்டாவது கட்டம், ரவுட்டரில் இருந்து போனுக்கு வைஃபை ஊடாக வருவது. இரண்டும் வேறு வேறு. ஒன்றில் உள்ள குறையை மற்றதைத் திருத்திச் சரிசெய்ய முடியாது.

வேறுபடுத்தி அறிய இலகுவான வழி இது. ரவுட்டருக்குப் பக்கத்தில், மூன்று நான்கு அடி தூரத்தில், போனுடன் இருந்து ஒரு வீடியோ அழைப்பு எடுங்கள்.

• அங்கே தெளிவாகவும் அறைக்குள் போனதும் விட்டுவிட்டும் வந்தால், குறை வீட்டுக்குள் உள்ள வைஃபையில்.

• ரவுட்டருக்குப் பக்கத்திலேயே தடைப்பட்டால், குறை ரவுட்டருக்கு வரும் இணைப்பில். எத்தனை வைஃபை கருவி வாங்கினாலும் இது மாறாது.

• காலையில் நன்றாக எடுத்து, இரவு 7 மணிக்குப் பிறகு மெதுவானால், ஒரே நேரத்தில் பலர் அந்த ரவரைப் பாவிப்பது காரணமாக இருக்கலாம். இதற்கும் வீட்டுக்குள் மருந்து இல்லை. அயலவர்கள் எந்த நிறுவனத்தின் சிம்மைப் பாவிக்கிறார்கள், அவர்களுக்கு இரவில் எப்படி எடுக்கிறது என்று கேட்டறிந்து, நிறுவனத்தை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

இவற்றுக்கு முன், உங்கள் டேட்டா பொதி முடிந்துவிட்டதா என்பதைப் பாருங்கள். பொதி முடிந்ததும் சில திட்டங்களில் இணைப்பு முற்றாக நிற்காது. வேகம் மட்டும் மிகவும் குறையும். அதைக் கவறேஜ் பிரச்சினை என்று நினைத்து ரவுட்டரை மாற்றியவர்களும் உண்டு.

வைஃபையை மறிப்பவை எவை

வைஃபை என்பது வானொலி அலை. ரவுட்டரில் இருந்து தூரம் போகப் போக அதன் வலு குறையும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒன்றாகும். வீட்டுக்குள் தூரத்தைவிட இடையில் உள்ள பொருட்களே கூடுதலாகப் பாதிக்கும்.

தகரமும் இரும்பும் அலையை ஏறத்தாழ முழுமையாகத் திருப்பி அனுப்பிவிடும். தகரச் சுவர், தகரக் கூரை, இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி (அதன் பின்புறத்தில் உலோகப் பூச்சு உண்டு) எல்லாம் இதில் அடங்கும்.

கொங்கிறீற் தளமும் தூணும் இரும்புக் கம்பி கொண்டவை என்பதால் அதற்கு அடுத்தபடியாக மறிக்கும். சீமெந்துக் கல் சுவர் ஒன்றே அலையின் வலுவில் பாதிக்கு மேல் எடுத்துவிடும். பழைய கல்வீடுகளின் தடித்த சுண்ணாம்புக் கல் சுவர்கள் அதைவிடக் கூடுதலாக மறிக்கும்.

தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும். தண்ணீர்த் தாங்கி, மீன் தொட்டி, நெருக்கமாக நிற்கும் பச்சை மரங்கள் இதில் சேரும். மாரி காலத்தில் நனைந்த மா, பலா மரங்களின் ஊடாக வரும் 4ஜி அலையும் முன்பைவிட வலுக் குறைந்திருக்கலாம்.

பலகைக் கதவு, ஒட்டுப்பலகைத் தடுப்பு, வெறும் கண்ணாடி ஜன்னல், ஓலை, துணித் திரை ஆகியவை அதிகம் மறிப்பதில்லை.

இன்னொன்று: ஒரு சுவரை அலை நேராகக் கடக்கும்போது ஆறு அங்குலத் தடிப்பைக் கடக்கிறது. சரிவாகக் கடந்தால் அதே சுவருக்குள் ஓரடிக்கு மேலும் போகவேண்டி வரலாம். அதனால்தான் வீட்டின் ஒரு மூலையில் வைத்த ரவுட்டர் எதிர் மூலை அறைக்கு எட்டுவதில்லை.

ரவுட்டரை எங்கே வைப்பது

வீட்டுத்திட்டத்தில் பொதுவாகக் காணப்படும் 550 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 25 அடி நீளம், 22 அடி அகலம். முன்னுக்கு விறாந்தை, நடுவில் ஹோல், பக்கத்தில் இரண்டு அறைகள், பின்னுக்குக் குசினி. இந்த அளவு வீட்டுக்கு ஒரு ரவுட்டரே போதும். அதை ஹோலில், அறைக் கதவுகளைப் பார்த்தபடி இருக்கும் சுவரில், தரையில் இருந்து ஐந்து ஆறு அடி உயரத்தில் வைத்தால் எந்த அறைக்கும் இடையில் ஒரு சுவருக்கு மேல் வராது. கதவு திறந்திருந்தால் அதுவும் இல்லை.

பொதுவாகக் கவனிக்க வேண்டியவை:

1. உயரத்தில் வையுங்கள். தரையில், கட்டிலுக்குக் கீழ், தொலைக்காட்சிக்குப் பின்னால் வைக்க வேண்டாம். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தால் தளபாடங்களும் ஆட்களும் குறுக்கே வருவது குறையும்.

2. அலுமாரிக்குள் வைக்க வேண்டாம். பிள்ளைகள் தொடுவார்கள் என்று பூட்டிவைத்தால் அலையும் மறிக்கப்படும், கருவியும் சூடாகும். உயரத்தில் ஒரு பலகைத் தட்டு அடித்து அதில் வைப்பது நல்லது.

3. குசினியைத் தவிருங்கள். புகை, எண்ணெய், ஈரம் ஆகியவை கருவியைப் பழுதாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால், அது வேலை செய்யும் நேரம் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைக் குழப்பும்.

4. தகரக் கூரைக்கு நேர் கீழே ஒட்டி வைக்க வேண்டாம். வெயில் நேரத்தில் அங்கே வெப்பம் மிக அதிகம். பல ரவுட்டர்கள் 40 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டவை. கூரையில் இருந்து இரண்டு மூன்று அடியாவது கீழே இருக்கட்டும்.

5. கோல் போன்ற அன்ரனாக்கள் இருந்தால் அவற்றை நிமிர்த்தி வையுங்கள். அலை அன்ரனாவின் பக்கங்களால் பரவுகிறது, நுனியால் அல்ல. அன்ரனாவின் நுனியை அறையை நோக்கி நீட்டுவது பயன் தராது. மேல்மாடி உள்ள வீட்டில் ஒன்றை நிமிர்த்தியும் மற்றொன்றைப் படுக்கையாகவும் வைத்துப் பார்க்கலாம்.

6. யார், எங்கே, எதற்குப் பாவிக்கிறார்கள் என்று பாருங்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசை, எழுந்து நடக்க முடியாத அம்மாவின் கட்டில் ஆகிய இரண்டுக்கும் எட்டுவதே முக்கியம். குளியலறையில் எடுக்காவிட்டால் பரவாயில்லை.

தற்காலிகத் தகரக் கொட்டகையில் இருப்பவர்களுக்கு வேறு வழி. அங்கே தகரம் வெளியிலிருந்து வரும் 4ஜி அலையையே மறிக்கிறது. ரவுட்டரை வாசல், ஜன்னல், அல்லது தகரம் இல்லாத பக்கம் ஒன்றின் அருகே, மழைச் சாரல் படாமல் வையுங்கள். கொட்டகை சிறியது என்பதால் உள்ளே வைஃபை தானாக எட்டும். ரவுட்டர் இல்லாமல் ஒரு போனையே ஹொட்ஸ்பொட்டாகப் பாவிப்பவர்களுக்கும் இதே ஆலோசனைதான்: அந்தப் போனைப் பையில் வைக்காமல் ஜன்னல் ஓரத்தில் உயரமாக, வெயில் நேரே படாத இடத்தில் வையுங்கள்.

ஜன்னலா, நடுவீடா?

பைபர் இணைப்பு உள்ள வீட்டில் ரவுட்டரை நடுவீட்டில் வைக்கலாம். பைபர் பொருத்த வருபவர் பொதுவாகக் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே கருவியைப் பொருத்திவிட்டுப் போவார். சுவரில் துளை போட முன்னரே "ஹோலுக்குள் வரவேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றுவது கடினம்.

எங்கள் கிராமங்களில் பெரும்பாலானவர்கள் பாவிப்பது 4ஜி ரவுட்டர். இங்கேதான் சிக்கல். 4ஜி அலை நன்றாகக் கிடைப்பது ரவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில். வைஃபை நன்றாகப் பரவுவது நடுவீட்டில். இரண்டையும் ஒரே இடத்தில் பெற முடியாதபோது 4ஜிக்கு முதலிடம் கொடுங்கள். வீட்டுக்குள் வராத இணையத்தை வைஃபையால் பரப்ப முடியாது.

ரவர் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். ரவுட்டரை வீட்டின் ஒவ்வொரு பக்கத்து ஜன்னலிலும் மாறி மாறி வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் பொறுத்திருந்து, சிக்னல் விளக்குகள் எத்தனை எரிகின்றன என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களுக்கு நிறுவனத்தின் செயலியோ அமைப்புப் பக்கமோ உண்டு. அதில் சிக்னலின் அளவு கழித்தல் அடையாளத்துடன் ஒரு எண்ணாகக் காட்டப்படும். பூச்சியத்துக்குக் கிட்ட உள்ள எண்ணே நல்லது. 4ஜி அலைக்கு கழித்தல் 85 நன்று. கழித்தல் 100 சமாளிக்கலாம். கழித்தல் 110ஐத் தாண்டினால் அடிக்கடி அறுந்துபோகும்.

எந்த ஜன்னலிலும் போதிய அலை இல்லாவிட்டால் வெளி அன்ரனா உதவலாம். அதற்கு ரவுட்டரின் பின்புறத்தில் 4ஜி அன்ரனா பூட்டும் துளை இருக்கவேண்டும். பொதுவாக இரண்டு துளைகள் இருக்கும்; இரண்டையும் பாவிக்கும் அன்ரனாவே நல்லது. அன்ரனாக் கம்பி நீளக் கூடக் கிடைத்த அலையைக் கம்பியே தின்றுவிடும். எனவே அன்ரனாவுக்குக் கிட்டவாக, சுவரின் உட்பக்கத்தில் ரவுட்டரை வைத்து, அங்கிருந்து நடுவீட்டுக்கு நெட்வேர்க் கேபிள் இழுப்பது நல்லது. நெட்வேர்க் கேபிள் 100 மீற்றர் வரை தரம் குறையாமல் கொண்டுசெல்லும்.

நடந்து பார்க்கும் சோதனை

ஒரு கொப்பித் தாளில் வீட்டின் வரைபடத்தைக் கீறுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். வைஃபையின் வலுவை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை அன்ட்ரொயிட் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஆட்கள் வழமையாக இருக்கும் இடத்தில் நின்று, கதவைப் பூட்டிய நிலையில், எண்ணைக் குறியுங்கள்.

• கழித்தல் 50 அளவில்: மிக நன்று.
• கழித்தல் 67 வரை: வீடியோ வகுப்பும் அழைப்பும் தடையின்றி நடக்கும்.
• கழித்தல் 75 அளவில்: செய்தி அனுப்பலாம், வீடியோ விட்டுவிட்டு வரும்.
• கழித்தல் 80க்கு அப்பால்: நம்பியிருக்க முடியாது.

இப்போது ரவுட்டரை வேறு இடத்தில் வைத்து அதே இடங்களில் மீண்டும் குறியுங்கள். மூன்று இடங்களைச் சோதித்தால் எது சிறந்தது என்று தாளிலேயே தெரியும். இரண்டு மூன்று அடி தள்ளி வைப்பதுகூடச் சில வேளை பெரிய மாற்றம் தரும். இந்தச் சோதனைக்கு டேட்டா செலவாகாது. வேகம் அளக்கும் தளங்கள் ஒவ்வொரு தடவையும் கணிசமான டேட்டாவை எடுப்பதால் அவற்றை அளவோடு பாவியுங்கள்.

2.4உம் 5உம்

இன்றைய ரவுட்டர்கள் பல இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், சுவரைக் கூடுதலாகத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூடியது, ஆனால் சுவரைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். ரவுட்டர் உள்ள அறையில் 5ஐயும் தூர அறைகளில் 2.4ஐயும் பாவிப்பது பொருத்தம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் போன் தானே தெரிவுசெய்யும். ஆனால் தூர அறையில் போன் 5ஐயே பிடித்துக்கொண்டு தடுமாறினால், இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து நீங்களே தெரிவுசெய்யலாம்.

வீடுகள் நெருக்கமாக உள்ள குடியிருப்புகளில் அயல்வீட்டு ரவுட்டரும் உங்களுடையதும் ஒரே தடத்தில் வேலை செய்தால் இரண்டும் மெதுவாகும். 2.4இல் ஒன்றையொன்று குழப்பாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அயலவர் 1இல் இருந்தால் நீங்கள் 6ஐயோ 11ஐயோ எடுங்கள்.

இரண்டாவது கருவி எப்போது தேவை

இடத்தை மாற்றிப் பார்த்த பின்னரும் தேவையான அறையில் கழித்தல் 75ஐத் தாண்டினால் இரண்டாவது கருவியைப் பற்றி யோசிக்கலாம். நாற்சார் வீடு, தடித்த சுவர் கொண்ட பழைய கல்வீடு, மேல்மாடி வீடு, குசினி தனிக் கட்டடமாக உள்ள வீடு, ஒரே வளவில் பெற்றோருக்கும் மணமுடித்த மகளுக்கும் தனித்தனி வீடு உள்ள குடும்பம் ஆகியோருக்கு இது தேவைப்படலாம். மூன்று வழிகள் உள்ளன.

றிப்பீற்றர் அல்லது எக்ஸ்ரெண்டர். மிக மலிவானது, கம்பி தேவையில்லை. ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவருக்குத் திருப்பிச் சொல்பவர் போல இது வேலை செய்கிறது. கேட்கும் நேரத்தில் சொல்ல முடியாது என்பதால், ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் மலிவான கருவியில் வேகம் ஏறத்தாழ பாதியாகும். இதை வாங்குபவர்கள் பெரும்பாலும் அலை எட்டாத அறைக்குள்ளேயே செருகிவிடுகிறார்கள். அங்கே அதற்கே ஒன்றும் கேட்காது. ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், அலை இன்னும் நன்றாக உள்ள இடத்தில் செருகவேண்டும்.

அக்சஸ் பொயின்ற். ரவுட்டரில் இருந்து நெட்வேர்க் கேபிள் இழுத்து, தேவையான அறையில் பொருத்துவது. வேகம் குறையாது, நீண்ட காலத்துக்கு நம்பிக்கையானது. கேபிள் இழுக்கும் வேலை ஒரு தடவைதான். வீட்டில் பழைய ரவுட்டர் சும்மா கிடந்தால் அதையே அக்சஸ் பொயின்ற்றாகப் பாவிக்கலாம். அமைப்பில் அக்சஸ் பொயின்ற் முறையைத் தெரிவுசெய்ய வேண்டும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முதல் ரவுட்டரில் உள்ளதுபோலவே கொடுத்தால் போன் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானாக மாறும். தடத்தை மட்டும் வேறாக வையுங்கள்.

மெஷ். இரண்டு மூன்று கருவிகள் தங்களுக்குள் பேசி ஒரே வலையமைப்பாக வேலை செய்வது. பொருத்துவது இலகு, விலை அதிகம். மெஷ் கருவிகளையும் கேபிளால் இணைக்க முடிந்தால் இணைப்பதே நல்லது. 550 சதுர அடி வீட்டுக்கு இது வீண் செலவு.

எங்கள் பரிந்துரை எளியது: கேபிள் இழுக்க முடிந்தால் அக்சஸ் பொயின்ற், முடியாவிட்டால் இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்யும் றிப்பீற்றர்.

சுவர் பூச முன்

வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாகக் கிடைத்து வேலை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு இது மிகவும் பயன் தரும். சுவர் பூசுவதற்கு முன்னர், மேசனிடமும் வயரிங் செய்பவரிடமும் சொல்லி இரண்டு விடயங்களைச் செய்துகொள்ளுங்கள்.

ஒன்று, ஹோல் சுவரில் ஐந்து ஆறு அடி உயரத்தில் ஒரு பிளக் பொயின்ற். எல்லா பிளக்குகளும் தரைக்குக் கிட்ட இருப்பதே பல வீடுகளில் ரவுட்டர் தரையில் கிடக்கக் காரணம்.

இரண்டு, ரவர் பக்கத்து ஜன்னலில் இருந்து ஹோலுக்கும், ஹோலில் இருந்து தூர அறைக்கும் ஒரு வெற்று பிவிசி குழாய். அதற்குள் இழுகயிறு ஒன்றை விட்டுவையுங்கள். இன்று கேபிள் வாங்கக் காசு இல்லாவிட்டாலும், நாளை சுவரை உடைக்காமல் இழுக்கலாம். இந்தக் குழாயை மின்சார வயர் போகும் குழாயில் இருந்து வேறாகப் போடவேண்டும். ஒரே குழாயில் இரண்டையும் விடுவது ஆபத்து.

வாங்கும்போது கவனிக்க

• இரண்டு அலைவரிசையிலும் வேலை செய்கிறதா? பெட்டியில் வைஃபை 5 அல்லது வைஃபை 6 என்று இருந்தால் வீட்டுத் தேவைக்குப் போதும்.

• நெட்வேர்க் கேபிள் செருகும் துளை உண்டா? பின்னர் அக்சஸ் பொயின்ற் இணைக்க அது வேண்டும்.

• 4ஜி ரவுட்டர் என்றால் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா, எந்த சிம்மும் போடலாமா? கிராமத்தில் எந்த நிறுவனத்தின் கவறேஜ் நன்று என்று அறியாமல் பூட்டப்பட்ட ரவுட்டர் வாங்க வேண்டாம். அயலவரின் போனை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

• சிம் போடும் எந்தக் கருவியும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு இதை அறியலாம். ஐ.எம்.இ.ஐ. என்ற நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில், இடையில் புள்ளி இல்லாமல் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, எண்ணை எழுதி 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

• வெளிநாட்டு உறவுகள் 4ஜி ரவுட்டர் அனுப்புவதாகச் சொன்னால், வாங்க முன்னரே உங்களுடன் கதைக்கச் சொல்லுங்கள். அங்குள்ள 4ஜி அலைவரிசைகள் இங்குள்ளவற்றில் இருந்து வேறுபடலாம். மின்மாற்றியில் 100–240 வோல்ற் என்று எழுதியிருக்கவேண்டும். 120 வோல்ற் மட்டும் என்றால் எமது 230 வோல்ற் மின்சாரத்தில் எரிந்துவிடும்.

• ரவரின் அலையைப் பெருக்கும் பூஸ்ரர் என்று விற்கப்படும் கருவிகளை அனுமதியின்றிப் பொருத்த வேண்டாம். அவை சட்டச் சிக்கலைத் தருவதோடு, கிராமத்தில் மற்றவர்களின் இணைப்பையும் குழப்பலாம்.

• பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். சிம் உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டை எண்ணில் பதிவாகியிருக்கட்டும்.

மின்சாரமும் மின்னலும்

ஒரு ரவுட்டர் ஏறத்தாழ 8 வோற் மின்சாரம் எடுக்கும். நாள் முழுவதும் எரிந்தாலும் மாதத்துக்கு 6 அலகு அளவுதான். மின்வெட்டு நேரத்தில் வகுப்பு தடைப்படாமல் இருக்க, ரவுட்டருக்கென விற்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்று பாவிக்கலாம். வாங்கும்போது ரவுட்டரின் மின்மாற்றியில் உள்ள வோல்ற் அளவும் (9 அல்லது 12) அம்பியர் அளவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். சூரிய மின்கலத் தொகுதி உள்ள வீடுகளில், 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று பாதி அளவு வரை இறங்க, இப்படியான ரவுட்டரை ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓட்டும். ரவுட்டரைப் பற்றரியில் நேரே பூட்ட வேண்டாம். பற்றரி சார்ஜ் ஆகும்போது அதன் அழுத்தம் 14 வோல்ற்றுக்கு மேல் போகும். இடையில் வோல்ற்றைச் சீராக்கும் கருவி ஒன்று தேவை.

ஏப்ரல் மாதத்திலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் அதிகம். மின்னல் தொடங்க முன்னரே ரவுட்டரின் மின்மாற்றியைச் சுவர்ப் பிளக்கில் இருந்து கழற்றுங்கள். தொலைபேசிக் கம்பியும் வெளி அன்ரனாக் கம்பியும் இருந்தால் அவற்றையும் கழற்றுங்கள். இடி முழங்கத் தொடங்கிய பிறகு கம்பிகளைத் தொட வேண்டாம். ஒரே வளவில் உள்ள இரண்டு வீடுகளுக்கு இடையே செப்புக் கேபிளை வெளியால் இழுப்பது மின்னலுக்கு வழி விடுவதாகும். பைபர் கேபிளோ, வெளியில் பொருத்தும் வைஃபை கருவியோ பாதுகாப்பானது.

வெளி அன்ரனாவை மின்கம்பிகளுக்குக் கிட்ட உயர்த்த வேண்டாம். கம்பம் சரிந்தாலும் மின்கம்பியில் படாத தூரம் இருக்கவேண்டும். நனைந்த ஓட்டிலும் தகரத்திலும் ஏற வேண்டாம்.

கவறேஜ் தேடி அலைய விடாதீர்கள்

கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் பூட்டியிருந்தபோது, இலங்கையின் பல கிராமங்களில் பிள்ளைகள் கவறேஜ் தேடி மரங்களிலும் மலைகளிலும் ஏறியதை நாடே பார்த்தது. மீள்குடியேற்றக் கிராமங்களில் இதில் இன்னொரு ஆபத்து உண்டு. உயரமான மண்மேடு, ஆட்கள் இல்லாத பழைய கட்டடம், துப்பரவாக்கப்படாத பற்றைக்காடு ஆகியவற்றில் கவறேஜ் நன்றாக இருக்கலாம். கண்ணிவெடியோ வெடிக்காத பொருட்களோ கூட இருக்கலாம். பாவிக்கப்படும் பாதையை விட்டு விலகிப் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். வீட்டில் எடுக்காவிட்டால் பாடசாலை, வாசிகசாலை, பொதுநோக்கு மண்டபம், உறவினர் வீடு ஆகிய இடங்களில் ஒன்றை ஒழுங்குசெய்யுங்கள்.

அன்ரனாக் கம்பத்துக்குக் குழி தோண்ட முன்னரும் யோசியுங்கள். அண்மையில் விடுவிக்கப்பட்ட காணி என்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்யுங்கள். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், நகர்த்தாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

கடவுச்சொல்

ரவுட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபைக்கு ஒன்று, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கு வேறொன்று. பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3ஐத் தெரிவுசெய்யுங்கள். அயல்வீட்டுப் பிள்ளை படிக்கக் கேட்டால் கொடுப்பது எமது வழக்கம். அதற்கு விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனியாகத் திறந்து கொடுங்கள். வகுப்புக் காலம் முடிந்ததும் அதை நிறுத்தலாம். உங்கள் சொந்தக் கடவுச்சொல் ஊர் சுற்றாது.

சுருக்கமாக: செய்யவேண்டிய ஒழுங்கு

1. டேட்டா மீதி இருக்கிறதா என்று பாருங்கள்.
2. ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ அழைப்பு எடுத்து, குறை உள்ளேயா வெளியேயா என்று அறியுங்கள்.
3. வெளியே என்றால்: ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்துச் சோதியுங்கள், வேறு நிறுவனத்தின் சிம்மை இரவிலும் சோதியுங்கள், கடைசியாக வெளி அன்ரனா.
4. உள்ளே என்றால்: உயரத்தில், திறந்த இடத்தில், நடுவீட்டில், தகரத்துக்கும் தண்ணீருக்கும் விலகி வையுங்கள்.
5. வரைபடத்தில் எண்களைக் குறித்து மூன்று இடங்களையாவது ஒப்பிடுங்கள்.
6. அப்போதும் போதாவிட்டால் மட்டும் கடைக்குப் போங்கள். வரைபடத்தையும் கையோடு கொண்டு போங்கள். எந்த அறையில் எவ்வளவு குறைவு என்று காட்டிக் கேட்டால், தேவையில்லாத கருவியை உங்கள் தலையில் கட்டுவது எளிதாக இராது.